ஒயின் பட்டியலைப் பார்த்துப் பயப்படாமல் ஆர்டர் செய்வது எப்படி?

புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சில வருடங்கள் சர்வராக இருந்தேன். ஒரு நாள் இரவு நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒரு அம்மா பட்டியலில் விரல் வைத்து, "தம்பி, இந்த மெர்லாட்..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்தவர் உடனே, "மெர்லாட் இல்ல, மெர்லோ!" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த அம்மா மெனுவை மூடிவிட்டு, "எனக்கு சூப் மட்டும் போதும்பா" என்றார். அவர் கேட்டது மெர்லோ என்ற சிவப்பு ஒயின் என்று எனக்கு முதலிலேயே நன்றாகப் புரிந்திருந்தது.

இப்படியொரு மேசையில் நீங்கள் முதல்முறை உட்காரப்போகிறீர்கள் என்றால், இந்தக் குறிப்புகள் உங்களுக்குத்தான்.

படி 1: பெயர்களைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்

பெரும்பாலான உணவகங்களின் மெனுவை வீட்டிலேயே போனில் பார்த்துவிடலாம். இத்தாலியச் சொற்களில் சி, எச் (ch) சேர்ந்து வந்தால் 'க' ஒலி. எனவே வாட்டிய ரொட்டியில் செய்யும் பண்டம் புருஷெட்டா அல்ல, புருஸ்கெட்டா. ஒயினின் பெயர் சியான்டி அல்ல, கியான்டி. ஜி, என் (gn) சேர்ந்து வந்தால் அது நம்முடைய 'ஞ'. உருளைக்கிழங்கில் செய்யும் ஞொக்கியை ஆங்கில எழுத்தில் பார்த்தால் நாக்கு தடுமாறும். தமிழில் எழுதினால் தடையே இல்லை. பிரெஞ்சிலும் அப்படித்தான்: ஷாம்பாஞ் (நாம் ஷாம்பெய்ன் என்பது), சொவிஞோன் என்ற ஒயின். இந்த ஒலிக்கென்றே தனி எழுத்து வைத்திருக்கும் நமக்கு இது எவ்வளவு வசதி!

பிரெஞ்சில் கடைசி மெய் பெரும்பாலும் ஒலிக்காது: மெர்லோ, பினோ, கேபர்னே என்ற ஒயின் பெயர்களில் கடைசி 'ட்' எழுத்தில் மட்டும்தான். இந்த ஒரு விதியை மட்டும் தெரிந்துகொண்டு எல்லாச் சொல்லின் வாலையும் வெட்டுகிறவர்கள் உண்டு. விஷிஸ்வாஸ் என்ற சூப்பை 'விஷிஸ்வா' என்பார்கள். அந்தச் சொல் 'இ' என்ற ஆங்கில எழுத்தில் முடிவதால் அதற்கு முந்திய 'ஸ்' ஒலித்தே ஆக வேண்டும். மொயெட் ஷாம்பெய்னிலும் 'ட்' ஒலிக்கும்.

இவ்வளவும் மறந்துபோனால் விரலால் காட்டுங்கள். எந்த சர்வரும் தவறாக நினைக்கமாட்டார்.

படி 2: தெரியாததைக் கேளுங்கள்

விஷிஸ்வாஸ் சில்லென்று வரும் உருளைக்கிழங்கு சூப். ஸ்டேக் டார்டார் என்றால் பச்சை மாட்டிறைச்சி. பெயரை அழகாகச் சொல்லி வரவழைத்து, தொடாமலே விட்ட தட்டுகளை நான் எடுத்துப் போயிருக்கிறேன். "இது எப்படி இருக்கும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

படி 3: விலையில் விரல் வையுங்கள்

கட்டுப்படியாகும் விலை ஒன்றின்மேல் விரல் வைத்து, "இந்த மாதிரி, இனிப்பில்லாமல் ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் பட்ஜெட் சர்வருக்குப் புரிந்துவிடும், மற்றவர்கள் காதில் விழாது. 750 மில்லி பாட்டிலில் சுமார் ஐந்து கிளாஸ் வரும்.

படி 4: ருசி பார்க்கச் சொல்லும்போது

முதலில் பாட்டிலைக் காட்டுவார்கள். லேபிளில் பெயரும் வருடமும் நீங்கள் கேட்டவைதானா பாருங்கள். பிறகு கொஞ்சம் ஊற்றுவார்கள். பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அல்ல, கெட்டுப்போகவில்லையே என்று உறுதிசெய்ய. கிளாஸை மெல்லச் சுழற்றி மோந்து பாருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் கார்க்கிலிருந்து டிசிஏ என்ற வேதிப்பொருள் ஒயினில் இறங்கியிருக்கக்கூடும், தயங்காமல் சொல்லுங்கள். இல்லையென்றால் தலையசைத்தாலே போதும். கார்க்கை மோந்து பார்க்கத் தேவையில்லை.

வாசனையை வர்ணிக்கவும் வேண்டாம். பிரான்சின் போர்தோ நகரில் நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வர்ணித்தார்கள். அதையே படிக்கிறவர்களின் மூக்கைக்கூடக் கண் ஏமாற்றிவிடுகிறது.

படி 5: பக்கத்தில் இருப்பவரைத் திருத்தாதீர்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். நம்முடைய மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் வாயில் 'மல்லிகட்டானி' ஆகி, அந்தப் பெயரிலேயே சூப்பாக நிலைத்துவிட்டது. ஊர் விட்டு ஊர் போகும் சொல் ஒலி மாறத்தான் செய்யும்.

ஆர்டரைத் திரும்பச் சொல்வது சர்வரின் வேலை. ஒருவர் 'மெர்லாட்' என்று கேட்டபின் நான் 'மெர்லோ' என்று அழுத்திச் சொன்னால் அதுவும் திருத்துவதாகிவிடும். அதனால், "சரிங்கம்மா, அந்தச் சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த அம்மா மெனுவை மூடிய இரவுக்குப் பிறகு பழகிக்கொண்டது இது.