கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க முன்: யாழ்ப்பாணத்துப் பட்டதாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டம் கைக்கு வந்ததும் சொந்தக்காரர் முதல் ரியூட்டரி வாசலில் சந்திப்பவர் வரை கேட்பது ஒன்றுதான்: "டிப்-இன்-எட் எங்க செய்யப் போறீர்?" பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எங்கே என்பது பிறகு. நியமனம் பெற்ற ஆசிரியரா, தனியார் பாடசாலையில் படிப்பிப்பவரா, இன்னும் வேலை தேடும் பட்டதாரியா? ஒவ்வொருவருக்கும் பொருந்தும் வழி வேறு. இதை யோசிக்காமல் நண்பர் போன இடத்துக்கே தானும் விண்ணப்பிப்பதால்தான் அனேகமான சிக்கல்கள் வருகின்றன.

"செய்யிறதெண்டால் பெரிசாச் செய்வம்" என்று டிப்ளோமாவைத் தாண்டி நேரே கல்வி முதுமாணிக்குத் தாவ நினைப்பவர்கள் உண்டு. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், முதுமாணி 9, ஆய்வோடு கூடிய முதுமாணி 10. எண்ணைப் பார்த்தால் முதுமாணிதான் உயரம். ஆனால் ஆசிரியர் சேவையின் விதிகளைச் சொல்லும் பிரமாணக் குறிப்பு பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் தொழில்சார் தகைமை பட்டப்பின் கல்வி டிப்ளோமா, அல்லது கல்விமாணி (பி.எட்.). வகுப்பறையில் நின்று படிப்பித்து, அதை இன்னொருவர் பார்த்துப் புள்ளியிடும் பகுதி அவற்றில்தான் இருக்கிறது. முதுமாணி பெரும்பாலும் ஆய்வும் கோட்பாடும். போதாததற்கு, கல்வி முதுமாணி அனுமதிக்கே டிப்ளோமாவைக் கேட்கும் இடங்களும் உண்டு. டிப்ளோமா முதலில், முதுமாணி அப்புறம் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம்.

டிப்ளோமா இருந்தால் நியமனம் தானாக வரும் என்ற நம்பிக்கையும் சரியில்லை. ஆட்சேர்ப்பு வர்த்தமானி அறிவித்தலிலும் போட்டிப் பரீட்சையிலும் தங்கியிருக்கிறது. பட்டத்தில் என்ன பாடம் படித்தீர்கள், வயதெல்லைக்குள் இருக்கிறீர்களா என்பவை அங்கே முதலில் பார்க்கப்படும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் ஆகிய மூன்றும்தான் இங்கே அதிகம் பேசப்படுபவை. எது நல்லது என்று பட்டிமன்றம் வைப்பதைவிட உங்கள் பாடசாலை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நியமனம் நெடுந்தீவில் என்று வையுங்கள். குறிகாட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். கடல் குழம்பினால் படகு ஓடாது. வெள்ளி பின்னேரம் கரைக்கு வந்து, சனி ஞாயிறு திருநெல்வேலியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரை, திங்கள் விடிய மறுபடி படகு. ஒரு மாதம் செய்யலாம். ஒரு வருடத்துக்கு மேல் என்றால் உடம்பும் குடும்பமும் கேள்வி கேட்கும். இப்படிப்பட்டவர்களுக்கு அச்சுப் பாடநூலை வைத்துப் படித்து, ஒப்படைகளை அனுப்பி, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்துக்கு வரும் திறந்த பல்கலைக்கழக முறை தோதாக இருக்கும்.

அதற்காக 'திறந்த' என்றால் லேசு என்று நினைத்துவிடாதீர்கள். ஒப்படைக்கு நாள் தவறினால் பரீட்சைத் தகுதியே போகலாம். கெஞ்சிக் கேட்க விரிவுரையாளர் பக்கத்தில் இருக்கமாட்டார். தானே உட்கார்ந்து படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு, என் பார்வையில், வார இறுதி வகுப்பே மேல்.

பலர் கடைசி நேரத்தில் திண்டாடுவது கற்பித்தல் பயிற்சியில். பகுதிநேரக் கற்கைகள் பெரும்பாலும் நீங்கள் ஏற்கெனவே ஒரு பாடசாலையில் இருக்கிறீர்கள் என்று வைத்தே அமைக்கப்பட்டவை. அதிபரின் கடிதம் தேவைப்படும். தேசிய கல்வி நிறுவகத்தின் கற்கையோ சேவையிலுள்ள ஆசிரியர்களுக்கானது. பாடசாலை இல்லாத பட்டதாரி முதலில் முழுநேரக் கற்கையைத்தான் விசாரிக்க வேண்டும். இன்னொரு பொறி: பட்டம் புவியியலில், நியமனம் வரலாற்றுக்கு, பாடசாலையில் உண்மையில் எடுப்பதோ தமிழ். ஆளணி குறைந்த சிறிய பாடசாலைகளில் இது புதினமில்லை. எந்தப் பாடத்தின் கற்பித்தல் முறையைத் தெரிவு செய்கிறீர்களோ, மேற்பார்வையாளர் வரும் நாளில் அந்தப் பாடம் உங்கள் நேரசூசியில் இருக்க வேண்டும். அதிபரிடம் விண்ணப்பிக்கும்போதே பேசுங்கள். தவணை நடுவில் போய் நேரசூசியை மாற்றச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

சேவையிலுள்ளவர் முழுநேரம் படிப்பதென்றால் கற்கை விடுமுறைக்கு அங்கீகாரம் வேண்டும். அனுமதிக் கடிதம் வந்த பிறகு வலயக் கல்வி அலுவலகத்துக்கு ஓடுவது பிந்திய வேலை. கோப்பு அங்கிருந்து மாகாணத் திணைக்களம் போய்த் திரும்பும்வரை விரிவுரை காத்திருக்காது. சம்பளத்துடன் விடுமுறை தந்தால் குறிப்பிட்ட காலம் திரும்பி வந்து சேவையாற்ற ஒப்பந்தம் கேட்பார்கள். வெளிநாட்டுக் கனவு உள்ளவர் அதை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுவது நல்லது.

வெளிநாடு என்றதும், லண்டனில் இருக்கும் அண்ணாவோ மச்சாளோ "பிஜிசிஈ செய்" என்பார்கள். இங்கிலாந்தில் பிஜிசிஈ, அதாவது பட்டப்பின் கல்விச் சான்றிதழ், ஒரு கல்வித் தகைமை மட்டுமே. அரச பாடசாலைகள் பொதுவாக எதிர்பார்க்கும் 'கியூடிஎஸ்' என்னும் ஆசிரியர் தகுதிநிலை வேறு. அங்கே பல பயிற்சிகள் இரண்டையும் சேர்த்துத் தருகின்றன. ஆனால் இங்கிருந்தபடி இணையவழியில் செய்யும் சர்வதேச பிஜிசிஈ பொதுவாக அந்தத் தகுதிநிலையைத் தராது. காசு கட்ட முன் நிறுவனத்திடம் இரண்டை எழுத்தில் கேளுங்கள்: கியூடிஎஸ் கிடைக்குமா, இலங்கை ஆசிரியர் சேவையில் இது டிப்ளோமாவுக்குச் சமமாக ஏற்கப்படுமா? இரண்டாவதற்கான பதிலை வலயக் கல்வி அலுவலகத்திலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.