துன்பத்தில் இருக்கும் அண்டை வீட்டாருக்கு உதவும் முறை

அண்டை வீட்டில் ஒருவர் நோயில் விழுந்துவிட்டால், "எது வேண்டுமானாலும் தயங்காமல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவது நம்மில் பலருடைய வழக்கம். ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்களிடம் கேட்கும் பொறுப்பையும் சேர்த்துச் சுமத்துகிற சொல் அது. உடையும் அன்றாட உணவும் இல்லாதவருக்கு ஒன்றும் கொடுக்காமல் நல்வாக்கு மட்டும் கூறி அனுப்புவதால் என்ன பயன் என்று விவிலியத்தில் யாக்கோபு திருமுகத்தின் 2-ஆம் அதிகாரம் கேட்கிறது. ஆகவே திட்டவட்டமான ஒன்றைச் சொல்லுங்கள்: "நாளை மதியம் ஆஸ்பத்திரிக்கு நான் சாப்பாடு கொண்டு வருகிறேன் அக்கா, எத்தனை பேருக்கு வேண்டும்?"

மருத்துவமனையில் நோயாளியைக் கவனிப்பதற்குப் பலர் இருப்பார்கள். துணைக்கு இருப்பவர் டீயும் பன்னும் தின்றே நாளைக் கழிப்பார். அவருக்கு ஒரு கேரியர் சாப்பாடு கொடுத்து, ஓர் இரவு அவருக்குப் பதிலாக நீங்கள் தங்கினால், பழக்கூடையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவதைவிட அது பெரிய உதவி. பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளோடு பள்ளிக்கு அனுப்புவதையும், ரேஷன் கடையில் வரிசையில் உடன் நிற்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை அவர்களிடம் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரியுங்கள்; இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றைத் திரட்ட அலைவதற்கு அந்த வீட்டில் ஆள் இருக்காது.

பணம் கொடுக்கும்போதுதான் மிகுந்த கவனம் தேவை. பிறருக்குக் கடன் கொடுப்பவர் அடகுப் பொருளை எடுக்கக் கடன் வாங்கியவருடைய வீட்டுக்குள் நுழையக் கூடாது, அவரே வெளியே கொண்டுவரும்வரை வாசலில் நிற்க வேண்டும் என்று விவிலியத்தின் இணைச் சட்ட நூலின் 24-ஆம் அதிகாரம் விதிக்கிறது. கடன்பட்டவனுக்கும் தன் வீட்டுக்குள் மானம் உண்டு என்பதை இவ்வளவு நுட்பமாக எண்ணிப் பார்த்த சட்டம் அரிது என்பேன். எனவே பிள்ளைகள் பார்க்கும்படி பணத்தை நீட்டாமல் உறையில் வைத்துக் கொடுங்கள். கடனா, அன்பளிப்பா என்பதை அப்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். புகைப்படம் எடுக்கவே வேண்டாம். நல்லெண்ணத்தோடு செய்தாலும், அவர்களுடைய அனுமதியில்லாமல், அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டத்தில்) பெயர் சொல்லி மன்றாட்டு வைப்பது அவர்கள் மறைக்க விரும்பிய துன்பத்தைத் தெரு முழுவதும் பரப்பிவிடும்.

அவர் வேறு சமயத்தவராக இருந்தால், அரிசிப் பைக்குள் ஜெபத் துண்டுப்பிரசுரத்தைச் செருகாதீர்கள். லூக்கா நற்செய்தி 10-இல் வரும் சமாரியர், வழியில் கள்வரால் அடிபட்டுக் கிடந்தவருடைய காயத்துக்கு எண்ணெயும் மதுவும் வார்த்தார், சாவடியில் சேர்த்தார், மறுநாள் இரண்டு தெனாரியம் (உரோமை வெள்ளிக் காசு) கொடுத்தார், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னார். அடிபட்டவருடைய நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் அசைவம் தவிர்க்கும் வீடா, ஹலால் பார்க்கும் வீடா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டு சமையுங்கள்.

தேவை உங்கள் கைக்கு மீறியதாக இருந்தால், அவர்களிடம் சொல்லிவிட்டுப் பங்கு ஆலயத்திலுள்ள வின்சென்ட் தே பவுல் சபையை அணுகலாம். 1833-இல் பாரிசில் பிரடெரிக் ஓசானாமும் நண்பர்களும் தொடங்கிய இச்சபையினர், ஏழைகளை வரவழைக்காமல், இருவர் இருவராக அவர்களுடைய வீடுகளுக்கே செல்லும் வழக்கமுள்ளவர்கள்.

சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாத நாள்களில் சோறு கொண்டுபோகப் பலர் முன்வருவார்கள். காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பிறகே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், விதவை உதவித்தொகை விண்ணப்பம் என்று அலைச்சல் தொடங்குகிறது. அந்த வாரத்தில் உங்கள் வேலையில் ஒரு நாள் விடுப்பு எடுத்து, அந்த அம்மாவுடன் வட்டாட்சியர் அலுவலகம்வரை சென்று வாருங்கள்.