சாலிட் ஆக்சிலா, தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷனா? கரடுமுரடான பாதைக்கு வண்டி வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

கரடுமுரடான பாதைகளில் ஓட்டுவதற்காக முதன்முறையாக ஒரு டிரக்கையோ ஜீப் வகை வண்டியையோ தேடுபவர்கள், எஞ்சினின் குதிரைத்திறனை ஆராயும் அளவுக்கு முன்சக்கரங்கள் எவ்வாறு இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதை ஆராய்வதில்லை. எஞ்சினில் சற்றுத் திறன் குறைந்தால் கியரை இறக்கிப் போட்டுச் சமாளித்துவிடலாம். முன் சஸ்பென்ஷனின் வகையைப் பின்னர் மாற்றுவதென்றாலோ ஸ்டீயரிங், பிரேக் குழாய்கள், புரொப்பல்லர் ஷாஃப்ட், சேஸியில் வெல்டிங் வேலை என்று முன்பாதி வண்டியையே பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். எனவே இந்த முடிவைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

படி 1: வண்டிக்கு அடியில் பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு, முன்பம்பருக்குக் கீழே குனிந்து பாருங்கள். ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை தடித்த இரும்புக் கூடு ஒன்று ஒரே துண்டாக ஓடி, டிஃப்ரன்ஷியலும் (எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) அந்தக் கூட்டுக்குள்ளேயே உருண்டையாகப் புடைத்துக்கொண்டிருந்தால் அது சாலிட் ஆக்சில். டிஃப்ரன்ஷியல் சேஸியோடு சேர்த்து மேலே பொருத்தப்பட்டு, அதன் இருபுறமும் மெல்லிய ஷாஃப்டுகள் சக்கரங்களை நோக்கிச் சென்று, அவற்றின் முனைகளில் மடிப்பு மடிப்பான கறுப்பு ரப்பர் உறைகள் தெரிந்தால் அது தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷன், சுருக்கமாக ஐ.எஃப்.எஸ். ஸ்பிரிங்கைப் பார்த்து முடிவுகட்ட வேண்டாம். பட்டை ஸ்பிரிங் இருந்தால்தான் சாலிட் ஆக்சில் என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் ஜீப் ராங்க்ளரிலும் சுசூகி ஜிம்னியிலும் காயில் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்திருப்பது சாலிட் ஆக்சில்தான்.

டொயோட்டா லேண்ட் குரூசர் 70 வரிசையும் இனியோஸ் கிரெனடியரும் இன்றும் முன்புறம் சாலிட் ஆக்சிலோடு வருகின்றன. மறுபுறம், மெர்சிடிஸ் ஜி-கிளாஸ் 2018இல் முன்புறத்தை ஐ.எஃப்.எஸ்-க்கு மாற்றிக்கொண்டது, 2020இல் வந்த மஹிந்திரா தாரும் 2021இல் மீண்டும் வந்த ஃபோர்டு பிராங்கோவும் அதே வகையைச் சேர்ந்தவை. இம்மூன்றிலும் பின்புறம் சாலிட் ஆக்சில்தான் என்பதால், இங்கே நாம் பேசுவது முன்புறத்தைப் பற்றி மட்டுமே.

படி 2: கற்களை வைத்து இரண்டையும் புரிந்துகொள்ளுங்கள்

இடது முன்சக்கரம் 30 செ.மீ. உயரமுள்ள ஒரு கல்லின் மேல் மெதுவாக ஏறுவதாக வைத்துக்கொள்வோம். சாலிட் ஆக்சிலில் இடது முனை உயரும்போது கூடு முழுவதுமே சாய்கிறது. தராசுக் கோலைப் போல மறுமுனை கீழ்நோக்கித் தள்ளப்படுவதால், வலது டயர் தரையை விட்டு எளிதில் எழும்புவதில்லை. கூட்டின் நடுப்பகுதி சுமார் 15 செ.மீ. உயர்ந்துவிடுவதால் டிஃப்ரன்ஷியலுக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளியும் கூடுகிறது. பாறைகளின் மேல் ஊர்ந்து செல்பவர்கள் இதை விட்டுக்கொடுக்க மறுப்பதற்கு இதுவே முதன்மையான காரணம்.

ஐ.எஃப்.எஸ்-இல் இடது சக்கரம் தனியாக மேலே மடங்குகிறது. வலது சக்கரத்துக்கு அதனால் எந்த உதவியும் கிடைப்பதில்லை. சமதளத்தில் நிற்கும்போது டிஃப்ரன்ஷியல் உயரத்தில் இருப்பது நல்ல செய்திதான். ஆனால் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம் சேஸியோடு சேர்ந்து அதுவும் கீழே இறங்குகிறது. ஆகவே விளம்பரத்தில் காணும் கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை, நின்றுகொண்டிருக்கும் வண்டியின் எண்ணாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட மிகச் சிறிய ஒரு கல்லை மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சந்தித்தால் நிலைமை தலைகீழாகிறது. சாலிட் ஆக்சிலில் கூடு, டிஃப்ரன்ஷியல், ஷாஃப்டுகள் அனைத்தும் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையாக இருப்பதால், அத்தனை இரும்பும் ஒன்றாகத் துள்ளுகிறது. இடது சக்கரம் வாங்கிய அடி வலது சக்கரத்துக்கும் ஸ்டீயரிங்குக்கும் போய்ச் சேர்கிறது. ஐ.எஃப்.எஸ்-இல் துள்ளும் எடை குறைவு என்பதால் டயர் விரைவாகத் தரைக்குத் திரும்புகிறது, வண்டியும் நேராகச் செல்கிறது.

படி 3: உங்கள் வேகத்தை எழுதிக்கொள்ளுங்கள்

பெரும்பாலும் எந்த நிலத்தில், எந்த வேகத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்பதை நேர்மையாகத் தாளில் எழுதுங்கள். நடை வேகத்தில் பெரிய பாறைகளும் ஆழமான பள்ளங்களும் என்றால் சாலிட் ஆக்சில் பொருந்தும். மணல், சரளைப் பாதை, அங்கு போய்ச் சேர்வதற்கான நீண்ட தார்ச்சாலைப் பயணம் என்றால் ஐ.எஃப்.எஸ். பொருந்தும். 1967இல் தொடங்கிய பாஹா 1000 போன்ற பாலைவனப் பந்தயங்களில் ஓடும் டிராஃபி டிரக்குகள் முன்புறத்தில் தனித்தியங்கும் சஸ்பென்ஷனையே நம்பியிருக்கின்றன.

ஐ.எஃப்.எஸ். பாறைக்கு ஆகவே ஆகாது என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. கலிஃபோர்னியாவில் 2007 முதல் நடக்கும் கிங் ஆஃப் தி ஹாமர்ஸ் பந்தயத்தில் பாலைவன ஓட்டமும் பாறை ஏற்றமும் ஒரே நாளில் வருகின்றன. அதில் இரு வகை வண்டிகளும் வென்றிருக்கின்றன. ஆனால் அவை பந்தயத்துக்கென்றே கட்டப்பட்டவை. ஷோரூமிலிருந்து வரும் வண்டியின் டை ராட்களையும் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் தண்டுகள்) சி.வி. ஜாயின்ட்களையும் (ஷாஃப்டின் முனையில் ரப்பர் உறைக்குள் இருக்கும் மடங்கும் இணைப்புகள்) அவற்றோடு ஒப்பிடக் கூடாது.

படி 4: டயரையும் உயரத்தையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள்

தொடக்கநிலையினர் அதிகம் குழம்புவது இந்த இடத்தில்தான். சாலிட் ஆக்சில் வண்டிக்கு 4 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்பு) போட்டால் பாடி உயருமே தவிர டிஃப்ரன்ஷியல் ஒரு நூல்கூட உயராது. அதை உயர்த்தப் பெரிய டயரால் மட்டுமே முடியும், அதுவும் விட்டத்தில் கூடும் அளவில் பாதிதான்: 31 அங்குல டயரை நீக்கிவிட்டு 35 அங்குல டயரைப் போட்டால் கிடைப்பது 2 அங்குலம். லிஃப்டின் உண்மையான பயன், அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுழல இடம் கிடைப்பது.

உயர்த்தும் வேலை சாலிட் ஆக்சிலில் ஒப்பீட்டளவில் எளிது. ஆயினும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்துவிடும், காயில் ஸ்பிரிங் வண்டிகளில் ஆக்சிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டான டிராக் பாரின் சாய்வு மாறி ஆக்சில் ஒருபக்கமாக நகரும், பிரேக் ஹோஸ் நீளம் போதாமல் இழுபடும். கோணங்களைச் சரிசெய்யாமலோ டிராக் பார் புஷ் தேய்ந்த நிலையிலோ ஓட்டினால், சாலையில் ஒரு சிறு பள்ளத்தைக் கடந்ததுமே முன்சக்கரங்கள் இரண்டும் கட்டுக்கடங்காமல் உதறத் தொடங்கலாம். அப்போது ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, படிப்படியாக வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஐ.எஃப்.எஸ்-இல் பொதுவாக 2 முதல் 3 அங்குலம் வரைதான் வசதியாக உயர்த்த முடியும். அதற்கு மேல் போனால் சி.வி. ஜாயின்ட்கள் கூர்மையான கோணத்தில் சுழன்று சூடேறும், ரப்பர் உறைகள் கிழியும். கோணத்தைக் குறைக்க டிஃப்ரன்ஷியலைக் கீழிறக்கும் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன. ஆனால் பணம் கொடுத்து உயர்த்திய வண்டியின் டிஃப்ரன்ஷியலை மறுபடியும் பணம் கொடுத்துக் கீழே இறக்குவது எனக்கு ஒப்பவில்லை. 37 அங்குல டயர்தான் உங்கள் இலக்கு என்றால் தொடக்கத்திலேயே சாலிட் ஆக்சில் வண்டியைத் தேடுங்கள். 33 அங்குலத்தோடு நிறைவடைவீர்கள் என்றால் ஐ.எஃப்.எஸ். போதும், மிச்சப்படும் பணத்தில் டிஃப்ரன்ஷியல் லாக்கர் பொருத்திக்கொண்டால், ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றாலும் மறு சக்கரம் இழுக்கும். வழுக்கும் ஏற்றத்தில் புதியவருக்கு இது சஸ்பென்ஷன் வகையைவிட அதிகம் உதவும்.

படி 5: வாங்கும் முன் சோதியுங்கள்

சாலிட் ஆக்சில் வண்டியில் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆக்சில் சீல் போயிருக்கலாம். எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இருபுறமும் சிறிது சிறிதாக அசைக்க, நீங்கள் கீழே டிராக் பார் முனைகளைக் கவனியுங்கள். போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே அசைவு தெரிந்தால் விலையைப் பேசுவதற்கு முன் அந்தச் செலவைக் கணக்கில் சேருங்கள். கூடு வளைந்திருந்தால் டயர்கள் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும்.

ஐ.எஃப்.எஸ். வண்டியில் ரப்பர் உறைகளின் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போயிருக்கும். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். டக் டக் என்ற சத்தம் கேட்டால் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட் தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்பு முன்சக்கரத்தை ஜாக்கியில் உயர்த்தி, ஸ்டாண்டு வைத்துத் தாங்கிய பிறகு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் பெரும்பாலும் டை ராட் முனை.