சிவப்பு முக்காட்டைத் தைத்துக் கொடுத்தது யார்?

பொள்ளாச்சியில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் அன்றாட வேலை, ஆண்டு விழா மாதங்களில் நாடக உடை. வால்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையைத் தங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடப்பதாக மாற்றி நாடகம் போட்டார்கள். பாட்டியைப் பார்க்கப் போகும் சிறுமியையும் அந்தப் பாட்டியையும் ஓநாய் விழுங்கிவிடும் கதை அது. உடையும் வேஷமும் என் பொறுப்பு. பழைய தேவதைக் கதையை எடுத்துப் புதிதாகச் சொல்ல நினைக்கிறவர்களுக்கு அதில் நான் கண்டதைச் சொல்கிறேன்.

படம் வரையவோ துணிக்கடைக்குக் கிளம்பவோ வேண்டாம். முதலில் கதையைப் படியுங்கள். ஒன்றுக்கு இரண்டு வடிவம் கிடைத்தால் இரண்டையும் படியுங்கள். இந்தக் கதையை 1697இல் பிரான்சில் சார்ல் பெரோ அச்சிட்டார், 1812இல் ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் அச்சிட்டார்கள். இரண்டிலும் சிவப்பு முக்காடு பாட்டியிடமிருந்து வந்த பரிசு. கிரிம் கதையில் அது வெல்வெட். பேத்திக்கு அது அவ்வளவு பிடித்துப்போய், வேறெதையும் தலையில் போடுவதே இல்லை. எனக்கு வழி திறந்தது இங்கேதான். ஒவ்வொரு உடைக்கும், இதைக் கொடுத்தது யார், எதற்காகக் கொடுத்தார் என்று கேளுங்கள். பதில் தெரிந்தால் துணி, நிறம், அளவு எல்லாம் தானாக வந்துவிடும். தெரியாவிட்டால் அந்த உடை வாடகைக் கடை உடை போலத்தான் மேடையில் நிற்கும்.

எங்கள் பாட்டி கொழுந்து பறித்து ஓய்ந்தவர். அவர் பேத்திக்கு வெல்வெட் தொப்பியா தைப்பார்? மலையில் மழை. தோட்டத்தில் கம்பளியையோ சாக்கையோ மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தவர். அப்படிப்பட்டவர் தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துப் பேத்திக்கு ஒரு கொங்காணி தைத்துக் கொடுப்பார். இது முடிவானதும் பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

செய்வதும் எளிது. இரண்டு மீட்டர் பருத்தித் துணியை எடுத்து முதலில் ஒரு இரவு ஊறவைத்து அலசுங்கள். சுருங்குவதும் சாயம் போவதும் வெட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடட்டும். பிறகு இரண்டாக மடித்து, 70 சென்டிமீட்டர் அகலத்துக்கு இரு பக்கமும் தைத்தால் ஒரு மூட்டை கிடைக்கும். மூட்டையின் அடிமூலை ஒன்றை உள்ளே தள்ளி இன்னொரு மூலைக்குள் சொருகுங்கள், கூம்பு வந்துவிடும். அதைத் தலையில் கவிழ்த்தால் பத்து வயதுப் பிள்ளைக்கு முழங்கால்வரை வரும். நெற்றியோரத்தில் உள்பக்கமாக ஒரு எலாஸ்டிக் பட்டை வைத்து இரண்டு ஹேர்பின் குத்துங்கள். இல்லாவிட்டால் பிள்ளை குனிந்து பூப்பறிக்கும்போது முக்காடு மூக்குவரை இறங்கிவிடும், முகம் யாருக்கும் தெரியாது.

சிவப்பில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். கடையில் ஆழ்ந்த அரக்குச் சிவப்பைப் பார்த்ததும் மனம் போய்விட்டது. ஒத்திகையன்று காட்டுக் காட்சிக்கு நீல விளக்குப் போட்டார்கள். என் சிவப்பு முக்காடு கருப்பாகிப்போனது. சிவப்புத் துணி சிவப்பு ஒளியை மட்டும்தான் திருப்பி அனுப்பும். நீல ஒளியில் சிவப்பே இல்லையென்றால் துணி எதைத் திருப்பி அனுப்பும்? அன்று ராத்திரியே ஆரஞ்சு கலந்த சிவப்பில் வேறொன்று தைத்தேன், பக்கவாட்டில் ஒரு மஞ்சள் விளக்கும் கேட்டு வாங்கினேன். இப்போதெல்லாம் பையில் நீலக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு இருக்கும். கடையிலேயே செல்போன் டார்ச்சின் மேல் அதைச் சுற்றித் துணியில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டச் சொல்வேன்.

இன்னொன்று: மேடையில் ஒரே ஒரு சிவப்புத்தான் இருக்கவேண்டும். கொழுந்து பறிக்கும் கூட்டமாக வந்த பிள்ளைகளுக்கு அம்மாக்கள் ஆசையாகச் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தார்கள். எல்லாவற்றையும் அவிழ்த்துப் பச்சை ரிப்பன் கட்டினோம். அந்தக் கூட்டத்துக்கு வேறு பெரிய வேலை இல்லை. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் தாள், முதுகில் கூடை, அவ்வளவுதான். அவர்கள் வீட்டிலேயே எல்லாம் இருந்தது.

இனி ஓநாய். வால்பாறைப் பிள்ளைகள் ஓநாயைப் பார்த்ததில்லை, சிறுத்தையைப் பற்றி எல்லாம் தெரியும். அதனால் சிறுத்தையாக மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். இருட்டிய பிறகு வெளியே போகாதே என்று கேட்டுக் கேட்டு வளர்கிற பிள்ளைகளுக்குச் சிறுத்தை கதையில் வருகிற மிருகம் இல்லை, வாசலுக்கு வருகிற மிருகம். ஓநாய் ஓநாயாகவே இருக்கட்டும், வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்த வெளியூர்க்காரனாக. சாந்தமாகப் பேசுகிற ஓநாய்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று பெரோ தன் கதையின் கடைசியில் எழுதியிருக்கிறார். அதனால் கோரைப்பல், சிவந்த கண் எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

முகமூடி பாதி முகத்துக்கு மட்டும், வாய் திறந்திருக்கவேண்டும். முழு முகமூடிக்குள் பேசினால் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காது. களிமண் அச்சின் மேல் செய்தித்தாள் துண்டுகளை மைதாப் பசையில் ஐந்தாறு அடுக்கு ஒட்டி, ஒவ்வொரு அடுக்கையும் காயவிட்டு ஒட்டுங்கள். பூச்சி அரிக்காமலிருக்கச் சிலர் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் முகத்தில் படுகிற பொருளில் கூடவே கூடாது. உடம்புக்குப் பழைய கம்பளியை விரலகல நாடாக்களாகக் கிழித்து, கம்பி பிரஷ்ஷால் சீவி, ஒரு பனியன் மேல் கீழிருந்து மேலாக வரிசை வரிசையாகத் தைத்தேன். கீழிருந்து தைத்தால்தான் மேல் வரிசை கீழ் வரிசையின் தையலை மூடும்.

கிரிம் கதையில் ஓநாய் பாட்டியின் உடையைப் போட்டுக்கொண்டு படுக்கிறது. யாரும் ஓநாய்க்கு ஒரு துணியும் கொடுத்ததில்லை. அது போட்டிருப்பது எடுத்துக்கொண்டது. ஆகவே பாட்டியின் உடையை இரண்டு உடம்புக்காகத் தைக்கவேண்டும். பாட்டிக்குக் கணவர் விட்டுப்போன முழுக்கைச் சட்டை, காதைச் சுற்றி மப்ளர், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி என்று மூன்றே பொருள். சட்டையை ஓநாயின் அளவுக்குத் தைத்து, முதுகைப் பிளந்து வெல்க்ரோ (ஒட்டிப் பிரிக்கும் பட்டை) வைத்தேன். பாட்டி போடும்போது தொளதொளவென்று இருக்கும், கணவர் சட்டை அப்படித்தானே இருக்கும்! ஓநாய் முன்பக்கமாகக் கையை நுழைத்தால் பத்து விநாடியில் போட்டுவிடலாம்.

மூன்று பொருளும் ஏன் அவையே என்றால், வசனம் அப்படி. பேத்தி முதலில் காதைக் கேட்கிறாள், பிறகு கண், பிறகு கை, கடைசியில் வாய். “பாட்டி, உங்க காது ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?” என்றதும் மப்ளர் நழுவவேண்டும். உள்ளே மடங்கியிருக்கும் கம்பி வைத்த காது நிமிரும். கண்ணைக் கேட்கும்போது கண்ணாடி மூக்கில் இறங்கும். கையைக் கேட்கும்போது அது கையை நீட்டும், சட்டைக்கை மேலேறிக் கம்பளி ரோமம் தெரியும். வாய்க்கு எதுவும் செய்யத் தேவையில்லை. வசனத்தை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்தத் துணி அசைகிறது என்று குறித்துக்கொண்டு தையுங்கள்.

வேட்டைக்காரனைப் பற்றி ஒரு விஷயம் படித்து மனசு நிறைந்துபோனேன். கிரிம் கதையில் அவன் ஓநாயைச் சுட நினைக்கிறான், பாட்டி அதன் வயிற்றுக்குள் இருக்கலாமே என்று துப்பாக்கியை வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்கிறான். இரண்டு வெட்டு வெட்டியதும் உள்ளே சிவப்பு பளிச்சிடுகிறது. கத்தரிக்கோல்தானே வேண்டும்? அப்படியென்றால் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும் அக்காவே வரட்டும் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். கழுத்தில் இஞ்சு டேப், காதோரம் சாக்குக்கட்டி.

வயிற்றுக்குக் கம்பளிக்கும் பனியனுக்கும் நடுவில் பஞ்சுத் தலையணை உறை ஒன்று தைத்து, வெளியே 40 சென்டிமீட்டருக்கு வெல்க்ரோ வைத்தேன். ஜிப் வேண்டாம். வெல்க்ரோ பிரியும் சத்தம்தான் துணி கிழிகிற சத்தம். அக்கா கையில் இருப்பது மரக் கத்தரிக்கோல். உறைக்குள் கொங்காணியில் மிஞ்சிய சிவப்புத் துணி ஒரு முழம். அவள் நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க சிவப்பு வந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் கட்டிலுக்குப் பின்னால் தவழ்ந்து வந்த பேத்தி அதே சிவப்போடு எழுந்து நிற்பாள்.

நாடகத்தன்று அந்தச் சத்தம் கேட்டதும் முன்வரிசையில் ஒரு குட்டிப் பையன் எழுந்து நின்று, “அக்கா, மெதுவா வெட்டுங்க, பாட்டி உள்ள இருக்காங்க” என்று கத்தினான்.