முதல் ஐந்து மாதங்கள்: புதிதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்கு

வண்டியைக் கிளப்பவும், கியர் மாற்றவும், கீழே விழாமல் ஓட்டிச் செல்லவும் ஒருவர் ஒரே வாரத்தில் பழகிவிடலாம். அந்த ஒரு வாரப் பழக்கத்தையே ‘ஓட்டத் தெரியும்’ என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவின் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்ந்த இடத்திற்கே சென்று ஆராய்ந்து, 1981-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிப்பேருக்கு மேல், அந்த வண்டியை ஓட்டத் தொடங்கி ஐந்து மாதங்கள்கூட ஆகாதவர்கள். ஆபத்தை உணர்ந்த கணத்திலிருந்து மோதும் வரை பெரும்பாலோருக்குக் கிடைத்த நேரம் இரண்டு நொடிக்கும் குறைவு. இரண்டு நொடிக்குள் எவரும் யோசித்துச் செயல்பட முடியாது. கைக்கும் காலுக்கும் கண்ணுக்கும் ஏற்கெனவே பழகியது எதுவோ அதுவே நடக்கும். ஆகவே, இந்த முதல் மாதங்களில் எதைப் பழக வேண்டும் என்பதே இங்கு நமது பேச்சு.

முதலில் பழக வேண்டியது பிரேக். வண்டியை வேகமாக ஓட்டுவதைப் பலரும் பயிற்சி செய்கிறார்கள். நிறுத்துவதைப் பயிற்சி செய்பவரைக் காண்பது அரிது. மேற்சொன்ன அறிக்கை சுட்டிய ஒரு குறை இன்றும் மாறவில்லை: அவசரத்தில் ஓட்டுநர்கள் பின்பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்தார்கள், முன்பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. ‘முன்பிரேக்கைப் பிடித்தால் தலைகுப்புற விழுவாய்’ என்று பழக்கிவிடுபவர்கள் சொல்லும் அச்சுறுத்தலே இதற்குப் பெரும்பாலும் காரணம். உண்மையில், பிரேக் பிடித்தவுடன் வண்டியின் எடை முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது. அதனால் முன்டயர் சாலையை இறுகப் பற்றுகிறது. பின்டயரோ எடை குறைந்து பிடிமானத்தை இழக்கிறது. நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன்பிரேக்கிலிருந்தே கிடைப்பது இதனால்தான். ஆனால் எடை முன்னால் வந்து சேர்வதற்கு ஒரு சிறு அவகாசம் வேண்டும். லீவரை வெடுக்கென்று இழுத்தால், எடை வருமுன்பே சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வழுக்கிவிடும். முதலில் மெல்லத் தொட்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க் அமுங்குவதை உணர்ந்த பிறகு, எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல் சீராக அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். பின்பிரேக்கை அதனுடன் சேர்த்து அளவாக மிதித்தால் போதும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. ஆளில்லாத, சமமான, மணல் இல்லாத ஓரிடத்தில், ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு, 20 கி.மீ. வேகத்தில் தொடங்கி, பிறகு 30, 40 என்று கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்திப் பாருங்கள். வண்டி நேராக இருக்க வேண்டும். பார்வை தொலைவில் இருக்க வேண்டும். கிளட்ச்சையும் பிடித்து, நிற்கும்போது முதல் கியருக்கு வந்திருக்க வேண்டும். முன்சக்கரம் பூட்டிக்கொண்டதாகத் தோன்றினால் உடனே லீவரை விட்டு மீண்டும் மெல்லப் பிடிக்க வேண்டும். பின்சக்கரம் பூட்டி, வால்பகுதி ஒரு பக்கமாக விலகிவிட்டால், பின்பிரேக்கைச் சட்டென விடக் கூடாது. விட்டால் பிடிமானம் திடீரெனத் திரும்பி வண்டி உங்களைத் தூக்கி எறியலாம். ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் லீவரும் மிதியும் அதிர்வதைக் கண்டு பயந்து விட்டுவிடாமல், நிற்கும் வரை உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். இன்னொன்று: ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன்பிரேக்கைத் தொடாதீர்கள். நான் முதன்முதலில் விழுந்தது நடக்கும் வேகத்தில், யூ-திருப்பத்தின் நடுவில், இந்த ஒரே தவறால்தான். நத்தை வேகத்தில் திரும்பும்போது பின்பிரேக்கும் பாதி பிடித்த கிளட்ச்சுமே துணை.

வேகம் கூடினால் நிறுத்தும் தொலைவு எப்படிக் கூடுகிறது என்பதைப் பலர் தவறாகக் கணிக்கிறார்கள். உலர்ந்த சாலையில், நல்ல டயருடன், கைதேர்ந்த ஒருவர், ஆபத்தைக் கண்டு ஒரு நொடியில் பிரேக்கைப் பிடிப்பதாகக் கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறக்குறைய 20 மீட்டரும், 60-இல் 37 மீட்டரும், 80-இல் 57 மீட்டரும் தேவைப்படும். இதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 60-இல் வந்தவர் முற்றிலுமாக நின்றுவிட்ட அதே இடத்தை, 80-இல் வந்தவர் பிரேக் பிடித்துக்கொண்டே ஏறக்குறைய 60 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருப்பார். புதியவருக்கு இந்தத் தொலைவுகள் எல்லாமே இன்னும் கூடும். ஆகவே முன்செல்லும் வாகனம் ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, நீங்கள் அதே கம்பத்தை அடைய இரண்டு நொடிக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். பழகும் காலத்தில் மூன்று நொடி, மழையில் நான்கு.

அடுத்தது சாலைச் சந்திப்பு. வேறு வாகனத்துடன் மோதிய விபத்துகளில், பெரும்பாலானவற்றில் எதிர்த்தரப்பு ஓட்டுநரே வழிவிடத் தவறியிருந்தார் என்பதும், ‘பைக் வந்ததையே நான் பார்க்கவில்லை’ என்று அவர் சொல்வது வாடிக்கை என்பதும் உண்மை. அவர் பொய் சொல்வதாக எண்ண வேண்டியதில்லை. நம்மை நோக்கி வரும் பொருளின் வேகத்தை, அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே கண் மதிப்பிடுகிறது. முன்னாலிருந்து பார்க்கையில் மோட்டார் சைக்கிள் ஒரு மெல்லிய கோடு. அது தொலைவிலும் மெதுவாகவும் வருவதாகவே தோன்றும். காரின் முன்கண்ணாடியைத் தாங்கும் தூணே ஒரு பைக்கை முழுமையாக மறைத்துவிடவும் கூடும்.

எனவே, எவரும் உங்களைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டே சந்திப்பை அணுகுங்கள். முகப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். ஆக்சிலேட்டரைக் குறைத்து, முன்பிரேக் லீவரின் மேல் இரு விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தயார்நிலை உங்கள் எதிர்வினை நேரத்தில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தும். எதிரே நிற்கும் கார் உங்கள் பாதையைக் குறுக்கே கடந்து திரும்பக் காத்திருந்தால், அதன் ஓட்டுநரின் கண்களை நம்பாதீர்கள்; உங்களைப் பார்த்துக்கொண்டே வண்டியை எடுப்பவர்கள் உண்டு. அதன் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். கார் நகரப்போவதை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அவரை நெருங்குமுன் உங்கள் தடத்துக்குள்ளேயே மெதுவாக ஒரு பக்கம் சற்று நகர்ந்து சென்றால், நேர்க்கோட்டில் வருவதைவிட எளிதாகக் கண்ணில் படுவீர்கள்.

லாரி, பேருந்து போன்ற நீண்ட வாகனங்களின் அருகில் தொடர்ந்து ஓட்டாதீர்கள். அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்களும் தெரியவில்லை. திரும்பும்போது அவற்றின் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் வராமல் உட்பக்கமாக வெட்டி வரும். அந்த உட்பக்க இடைவெளிக்குள் நுழைவது, எவ்வளவு இடம் இருப்பதாகத் தோன்றினாலும், வேண்டாம். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிச் செல்லும்போது, ஒரு கதவு முழுதாகத் திறக்கும் அளவுக்கு விலகிச் செல்லுங்கள்.

வளைவுகளில் நேரும் விபத்துகளுக்கு வேறு வாகனமே தேவையில்லை. நடை வேகத்தைத் தாண்டிய பிறகு, மோட்டார் சைக்கிள் திரும்புவது பலர் நினைப்பதற்கு நேர்மாறான முறையில்தான்: வலப்பக்கம் செல்ல வலது கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும், வண்டி வலப்பக்கம் சாய்ந்து திரும்பும். நேரான, வெறிச்சோடிய சாலையில் 40 கி.மீ. வேகத்தில் மிக மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் உடனே புரிந்துவிடும். இதை எல்லோரும் அறியாமலே செய்கிறார்கள். ஆனால் பள்ளத்தையோ மாட்டையோ தவிர்க்க வேண்டிய கணத்தில், அறிந்து செய்பவரால் மட்டுமே விரைவாக விலக முடியும். வேகத்தை வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே குறைத்துவிடுங்கள். உள்ளே நுழைந்தபின் ஆக்சிலேட்டரைச் சீராக வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேதான் வண்டி போகும். ஓரத்து மரத்தைப் பார்த்தவர் மரத்திலேயே போய் முட்டுவது இதனால்தான். அதிக வேகத்தில் நுழைந்துவிட்டதாக நடுவில் உணர்ந்தால், பதறி பிரேக்கை அழுத்தாமல், போக வேண்டிய வழியைப் பார்த்து இன்னும் சற்றுச் சாய்க்க முயலுங்கள். வண்டியால் எவ்வளவு சாய முடியுமோ அதில் பாதியைக்கூடப் புதிய ஓட்டுநர் பயன்படுத்தியிருக்க மாட்டார்.

இவையெல்லாம் டயர் சாலையைப் பற்றியிருக்கும் வரைதான் பொருந்தும்; அந்தப் பற்றுதல் ஒரு சக்கரத்துக்கு உள்ளங்கை அகல இடம் மட்டுமே. மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து மிதப்பதால், மிக மோசமானவை. ஒதுங்கி நிற்க இடமிருந்தால் நிற்பதே நல்லது. ஈரமான வெள்ளைக் கோடுகள், இரும்பு மூடிகள், சிந்திய டீசல், வளைவில் பரவிய மணல் ஆகியவற்றின் மேல் செல்லும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். வண்டியை நேராக வைத்துக் கடந்துவிடுங்கள். தண்டவாளத்தை இயன்றவரை செங்கோணத்தில் கடக்க வேண்டும்.

தலைக்கவசம் அணிந்தால் மரண அபாயம் ஏறக்குறைய 42 சதவீதமும், தலைக்காயத்தின் அபாயம் 69 சதவீதமும் குறைவதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்னும் சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு கூறுகிறது. முகத்தையும் தாடையையும் மறைக்கும் முழு ஹெல்மெட்டையே வாங்குங்கள். வாரைப் பூட்டிய பின் பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கினால் கழன்று வரக் கூடாது; பக்கவாட்டில் அசைத்தால் கன்னத்துத் தோலும் சேர்ந்து அசைய வேண்டும். அடிபட்ட ஹெல்மெட்டின் உள்நுரை ஒரு முறை நசுங்கினால் மீளாது. வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும். விழும்போது எவரும் முதலில் ஊன்றுவது கையைத்தான் என்பதால் கையுறையும், கணுக்காலை மறைக்கும் காலணியும் அடுத்த தேவைகள்.

டயரின் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன் வாரம் ஒரு முறை பாருங்கள். புதிய டயர் மாட்டியிருந்தால் முதல் நூறு கிலோமீட்டருக்கு அதன் மேற்பரப்பு வழுவழுப்பாகவே இருக்கும்; வளைவுகளில் அடக்கமாகச் செல்லுங்கள். செயின் தளர்வு, விளக்குகள், பிரேக் ஆகியவற்றைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

பின்னால் ஆள் ஏற்றுவதை முதல் சில மாதங்களுக்குத் தள்ளிப்போடுங்கள். அந்த எடையால் நிறுத்தும் தொலைவும் திருப்பமும் மாறுவது ஒருபுறம். ‘இன்னும் கொஞ்சம் வேகமாகப் போ’ என்னும் குரல் மறுபுறம். நண்பர்கள் கூட்டமாகச் செல்லும்போதும் இதே நிலைதான்: முன்னால் செல்பவரின் வேகம் அவருடைய அனுபவத்துக்கு உரியது, உங்களுக்கு உரியதல்ல. பின்தங்கினால் அடுத்த சந்திப்பில் அவர்கள் காத்திருக்கட்டும். குடித்திருந்தால் சாவியைத் தொடவே வேண்டாம்; இதில் அளவு பற்றிய பேச்சுக்கு இடமில்லை.

தொடக்கத்தில் சொன்ன ஐந்து மாதக் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. அது ஒருவரின் மொத்த ஓட்டுநர் அனுபவத்தைக் குறிப்பதல்ல. குறிப்பிட்ட அந்த வண்டியுடனான பழக்கத்தைக் குறிப்பது. பத்தாண்டு ஓட்டியவரும் வேறு வண்டி வாங்கினால், அதன் பிரேக்குக்கும் எடைக்கும் புதியவரே. நண்பரின் வண்டியை ஒரு நாள் இரவல் வாங்குபவருக்கும் இது பொருந்தும். சாலைக்குச் செல்லுமுன், அந்த வெறும் திடலுக்குப் போய், 20 கி.மீ. வேகத்திலிருந்து மீண்டும் பத்து முறை நிறுத்திப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.