அப்பாவின் குடல் சுருக்கம்: வீட்டில் நாங்கள் கவனிப்பவை

அப்பாவுக்குச் சிறுகுடலில் சுருக்கம் என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒன்றரை வருடத்தில் வேறு இடத்தில் மறுபடி சுருங்கிவிட்டது. இரண்டாவது தடவைதான் குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயைப் பார்த்தார்கள். நாற்பது வருட பீடியும் சர்க்கரையும் சேர்ந்து அதைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தன.

ரத்தம் போதாத இடத்தில் குடல் புண்ணாகும். புண் ஆறும்போது தழும்பு இறுகி உள்வழி குறுகும். அதை வெட்டி எடுத்தாலும் ரத்த ஓட்டம் சரியாகாவிட்டால் இன்னோர் இடத்தில் வரலாம். அதனால் டாக்டரிடம், "ரத்தக்குழாயைப் பார்க்க சிடி ஆஞ்சியோகிராம் வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நம் ஊரில் காசநோயாலும் குடல் சுருங்கும். அதுவா என்று தெரிய, வெட்டி எடுத்த குடலின் சதைப் பரிசோதனை (பயாப்ஸி) முடிவையும் வாங்கி வையுங்கள்.

ஒரு நோட்டுப் போடுங்கள். சாப்பிட்ட நேரம், வலி தொடங்கிய நேரம், வாராவாரம் எடை. அப்பாவுக்குச் சாப்பிட்ட அரை மணியில் தொப்புளைச் சுற்றி வலிக்கும். வலிக்குப் பயந்தே சாப்பாட்டைக் குறைத்திருக்கிறார். எட்டுக் கிலோ இறங்கியும் வயசானால் பசி குறையும் என்று இருந்துவிட்டோம். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் அதிகம் தேவைப்படும். எனவே மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்தோம். குழைந்த சாதம், இட்லி, வடிகட்டிய ரசம், முட்டை, முள் எடுத்த மீன். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, கொய்யா விதை, ஆரஞ்சுச் சுளையின் தோல் எதுவும் கிடையாது. நார் சுருங்கிய இடத்தில் சிக்கிக்கொள்ளும். வெயில் நாளில் தண்ணீர் குறையவே கூடாது. மூட்டுவலி மாத்திரையைக் கடையில் தானாக வாங்கக் கூடாது, சில வகைகள் குடலையே புண்ணாக்கும். பீடியை நிறுத்தினார், அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது.

வயிறு உப்பி, காற்றும் மலமும் போகாமல், பச்சையாக வாந்தி வந்தால் அடைப்பு. திடீரென்று தாங்க முடியாத வலி வந்தாலும், மலத்தில் ரத்தம் போனாலும் அவசரம்தான். விளக்கெண்ணெயோ பேதி மருந்தோ கொடுக்காதீர்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டு, ராத்திரி இரண்டு மணி ஆனாலும் 108ஐக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் நோட்டும் ஸ்கேன் படங்களும் ஒரு மஞ்சள் பையில் வாசல் ஆணியில் தொங்குகின்றன.