பரண்ல கிடக்கிற பழைய டப்பர்வேரை மறுபடி அடுக்களைக்கு கொண்டு வர்றது எப்படி, கூடவே ஒரு பார்ட்டி வைக்கிறதும்

பொங்கலுக்கு வீடு ஒழிச்சு சுத்தம் பண்ணும்போது பரண்ல இருந்து ஒரு பெரிய பை இறங்கும் பாருங்க, உள்ள வெளிறிப்போன பச்சை டப்பா, மூடி இல்லாத ஆரஞ்சு கிண்ணம், டப்பா இல்லாத நாலஞ்சு மூடி, ஸ்கூலுக்கு கொண்டு போன லஞ்ச் பாக்ஸ்னு எல்லாம் கலந்து கிடக்கும். அதை அப்படியே காயலான் கடைக்கு தூக்கி குடுத்துடாதீங்க. அதுல பாதி இன்னும் உழைக்கும், மீதியில எது சாப்பாட்டுக்கு ஆகும் எது ஆகாதுன்னு பிரிக்க ஒரு மத்தியானம் போதும். எனக்கு இந்த டப்பாங்க மேல ரொம்ப பாசம், எங்க அம்மா தலைமுறைல எத்தனையோ பேர் வீட்டுல இருந்தபடியே தன் கையால முதல் முதல்ல சம்பாதிச்சது டப்பர்வேர் கம்பெனியோட இந்த டப்பாங்கள வீட்டுலயே பார்ட்டி வச்சு போட்டு காட்டி வித்து தான்.

முதல்ல தரையில பேப்பர் விரிச்சு எல்லாத்தையும் கவுத்து வைங்க, அடிப்பக்கம் தான் பாக்கணும். நம்ம ஊர்ல மூடி டைட்டா இருந்தா எந்த டப்பாவா இருந்தாலும் டப்பர்வேர்னு சொல்லிடுவோம், அதனால பேர் இருக்கான்னு பாருங்க, பிளாஸ்டிக்லயே புடைச்ச எழுத்தா இருக்கும். கூடவே ஒரு நம்பர், ஒரு கோடு, அப்புறம் இன்னொரு சின்ன நம்பர் இருக்கும். முன்னாடி இருக்கிறது அச்சு நம்பர், எந்த மாடல்னு அதை வச்சு நெட்ல தேடி கண்டுபிடிச்சிடலாம். மூடிக்கு தனி நம்பர், டப்பாவுக்கு தனி நம்பர், ரெண்டும் வேற வேறயா தான் இருக்கும், ஜோடி மாறிடுச்சோன்னு பயப்படாதீங்க. முக்கோண அம்புக்குறிக்குள்ள ஒரு நம்பர் இருந்தா அது 1988க்கு அப்புறம் செஞ்சது, அந்த குறியே அந்த வருஷம் தான் வந்துச்சு. இந்தியால இந்த கம்பெனி கடை விரிச்சது 1996ல, அதுக்கு முன்னாடியே உங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சுன்னா யாரோ வெளிநாட்டுல இருந்து கொண்டு வந்து குடுத்திருப்பாங்க, பெரியவங்கள கேட்டு வைங்க, அந்த கதை அவங்களுக்கு மட்டும் தான் தெரியும்.

அடுத்து மூடி. உண்மைய சொன்னா டப்பாவுல பெருசா ஒண்ணும் இல்ல, உயிரே மூடில தான் இருக்கு. அமெரிக்கால ஏர்ல் டப்பர்னு ஒருத்தர், பாலிஎத்திலீன்ங்கிற பிளாஸ்டிக்கை வச்சு மெனக்கெட்டு, பெயின்ட் டின்னு மூடி எப்படி ஓரத்தை கவ்வி பிடிக்குதோ அதையே தலைகீழா திருப்பி யோசிச்சு இந்த மூடிய கொண்டு வந்தார். 1946ல கடைல வச்சா யாரும் வாங்கல, ஏன்னா மூடிய எப்படி போடணும்னே ஜனங்களுக்கு தெரியல, சரியா மூடலன்னு திருப்பி கொண்டு வந்தவங்களும் உண்டு. போடுற விதம் இது தான்: மூடிய சுத்தி ஓரமா அழுத்தி உக்கார வச்சிட்டு, நடுவுல ஒரு கையால அமுக்கிக்கிட்டே ஒரு ஓரத்தை கட்டைவிரலால லேசா தூக்கி விடணும், புஸ்ஸுனு காத்து வெளிய போகும், உடனே ஓரத்தை விட்டுடணும். இதை உங்க வீட்டு சின்னப் பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க, வெறும் கையால மேல குத்தி குத்தி மூடினா தான் மூடி சீக்கிரம் கிழியும்.

சோதிக்கிறதுக்கு, கிண்ணத்துல பாதி தண்ணி ஊத்தி, சொன்ன மாதிரி மூடி, வெளிப்பக்கம் நல்லா துடைச்சிட்டு பேப்பர் மேல கவுத்து கொஞ்ச நேரம் விடுங்க. பேப்பர் காஞ்சே இருந்தா பாஸ். பருப்பு, மாவு போட்டு வைக்கிற உயரமான அடுக்கு டப்பாவுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம், அதை காலியா மூடி பக்கெட் தண்ணில முக்கி லேசா அமுக்கி பாருங்க, குமிழி விடாம வந்தா நல்ல மூடி, ஒண்ணு ரெண்டு வந்தாலும் பருப்புக்கு தாராளமா போதும். மூடி விறைச்சுப்போய் உக்காரவே மாட்டேங்குதுன்னா வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் ஊற வச்சிட்டு போட்டு பாருங்க, இளகி வளைஞ்சு குடுக்கும். ஓரத்துல கீறல் விழுந்துட்டா ஒண்ணும் பண்ண முடியாது, செலோடேப், பெவிக்விக் எல்லாம் சாப்பாட்டு டப்பாவுக்கு கூடாது.

இப்போ கழுவுறது, இதுல தான் நெறைய பேர் டப்பாவ கெடுக்கிறாங்க. கம்பி ஸ்க்ரப்பர் தொடவே கூடாது, ஒரு தடவ கீறல் விழுந்தா அந்த கீறலுக்குள்ள எண்ணெயும் வாசமும் போய் உக்காந்துக்கும். மஞ்சக்கறைக்கு சோப்பு மட்டும் போட்டு எவ்வளவு தேச்சாலும் போகாது, மஞ்சள்ல இருக்கிற நிறம் தண்ணில கரையாது, எண்ணெய்ல தான் கரையும். அதனால முதல்ல ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெய் விட்டு துணியால தேச்சு எடுங்க, துணி மஞ்சளாகும், அப்புறம் சோப்பு போட்டு வெந்நீர்ல கழுவிட்டு ஈரத்தோடயே மொட்டை மாடில வெயில்ல வைங்க. மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது, ஒரு நாள் நல்ல வெயில் பட்டாலே சாம்பார் வச்ச டப்பா வெளுத்துடும், பாக்கி இருந்தா மறுநாளும் வைங்க. ஆனா அங்கேயே மறந்து வாரக்கணக்குல விட்டுடாதீங்க, வெயில் பிளாஸ்டிக்கையும் நொறுங்க வைக்கும்.

வாசத்துக்கு ஆப்ப சோடா ரெண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தண்ணில கலந்து ராத்திரி முழுக்க ஊத்தி வைங்க. ஊறுகாய் வாசம் அதுலயும் போகலன்னா நியூஸ்பேப்பர கசக்கி உள்ள திணிச்சு மூடி ரெண்டு மூணு நாள் விட்டு, அப்புறம் சோப்பு போட்டு கழுவிடுங்க. மூடியோட உள் பள்ளத்துல கருப்பா ஒரு கோடு இருக்கும், இட்லி மாவும் அழுக்கும் சேர்ந்து கெட்டியானது, பழைய டூத் பிரஷ்ல சோடா பேஸ்ட் தொட்டு சுத்தி சுத்தி தேச்சா வந்துடும். இந்த வேலைய அவசரமா பண்ணாதீங்க, ரேடியோவ போட்டுக்கிட்டு உக்காந்து பண்ணுங்க.

பிசுபிசுப்புக்கு ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு அடுப்பு மேல வச்சதால ஏறின எண்ணெய்ப்புகை, இது சோடா பேஸ்ட், இல்ல பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு துடைச்சா போயிடும். இன்னொண்ணு பிளாஸ்டிக்கே வயசாகி உள்ள இருக்கிறத வெளிய கசிய விடுறது, இது போகாது. எது எதுன்னு தெரியணும்னா கழுவி துடைச்சு அடுப்பு பக்கம் போகாத அலமாரில ஒரு வாரம் வைங்க, மறுபடியும் கை ஒட்டுச்சுன்னா அதை சாப்பாட்டுக்கு தொடாதீங்க, ஊசி நூல் பட்டன் போட்டுக்கலாம்.

சாப்பாட்டுக்கு எதை வச்சுக்கலாம்னு நான் கொஞ்சம் கறாரா தான் சொல்லுவேன். முகம் தெரியுற மாதிரி கண்ணாடி கணக்கா கெட்டியா இருக்கிற பழைய டப்பா சிலது பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக், அதுல உடம்புக்கு ஆகாதுன்னு சொல்ற பிஸ்ஃபினால்-ஏ (BPA) ங்கிற ரசாயனம் சேரும், 2010ல தான் அமெரிக்கால வித்த பொருள்ல இருந்து அந்த கம்பெனி அதை எடுத்துச்சு. வளைஞ்சு குடுக்கிற, பால் நிறமா இருக்கிற மெத்து பிளாஸ்டிக்ல அந்த பிரச்சனை இல்ல. ஆனா எழுபதுகள்ல அமெரிக்கால ஓடின அந்த கெட்டி மஞ்சள், ஆரஞ்சு கலர் சாமான்னா யோசிங்க, அந்த காலத்துல பிளாஸ்டிக்குக்கு அந்த நிறம் வர காட்மியம்ங்கிற நச்சு உலோகம் சேர்ந்த சாயமும் போடுவாங்க, அதனால அதை ஷோகேஸ்ல வைங்க, குழந்தைங்க தட்டா ஆக்காதீங்க. மத்ததுலயும் சூடா ஊத்தவே கூடாது, மைக்ரோவேவும் கூடாது. சூடான ரசத்த ஊத்தி மூடினா ஆறும்போது உள்ள காத்து சுருங்கி மூடிய இழுத்து பிடிச்சுக்கும், திறக்கவே வராது. இட்லி மாவு புளிக்கும்போது நேர் எதிர், காத்து பொங்கி மூடிய தூக்கி எறியும், புளிச்ச அப்புறம் ஃப்ரிட்ஜ்ல வைக்கும்போது மூடுங்க. ரவை, கடலை மாவு, அப்பளம், வத்தல், முறுக்கு, வெட்டின காய், கறிவேப்பிலை, இதுக்கெல்லாம் இந்த டப்பாவ அடிச்சுக்க ஆள் இல்ல. மழைக்காலத்துல முறுக்க இதுல போட்டு பாருங்க, நமுத்துப் போகாம அப்படியே இருக்கும்.

சரி, பார்ட்டிக்கு வருவோம். கடைல விக்காத சாமான் எப்படி ஊரெல்லாம் போச்சுன்னா வீட்டு ஹால்ல உக்காந்து கையால போட்டு காட்டினதால தான். பிரவுனி வைஸ்னு ஒரு அம்மா, கணவரை பிரிஞ்சு ஒரு பையனை தனியா வளர்த்தவங்க, கிண்ணத்துல ஜூஸ ஊத்தி மூடி ரூமுக்கு குறுக்க தூக்கி எறிவாங்களாம், ஒரு சொட்டு சிந்தாது, பாத்தவங்க வாங்காம போவாங்களா? அவங்க வித்த வேகத்த பாத்து 1951ல டப்பர் கடைகள்ல இருந்து மொத்த சரக்கையும் எடுத்துட்டு இந்த வீட்டு விற்பனைக்கே அவங்கள வைஸ் பிரசிடெண்ட் ஆக்கினார். 1954ல பிசினஸ் வீக் பத்திரிகை அட்டைல வந்த முதல் பெண் அவங்க தான். 1958ல அவங்கள வெளிய அனுப்பினாங்க, ஒரு வருஷ சம்பளம், அதாவது 30,000 டாலர் பக்கம், அவ்வளவு தான், ஷேர் ஒண்ணும் கிடையாது. அதே வருஷம் டப்பர் தன் கம்பெனிய 1.6 கோடி டாலருக்கு வித்தார். எனக்கு இதை நெனச்சா இப்பவும் ஆத்தாமையா இருக்கும்.

நம்ம ஊர்ல அது வந்தப்போ காலைல எல்லாரையும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் அனுப்பிட்டு பதினோரு மணி வாக்குல ஒரு பிளாட்ல கூடுவாங்க. ஜமக்காளம் விரிச்சு நடுவுல கலர் கலரா அடுக்கி, டெமோ காட்டுற அக்கா ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி மூடி, வீட்டுக்கார அம்மாவோட புடவை மடிக்கு மேலயே டக்குனு கவுப்பாங்க. அந்தம்மா கையை தூக்கிடுவாங்க, தண்ணி விழாது, எல்லாரும் சிரிச்சிட்டு அவங்கவங்க கேட்லாக்ல பக்கத்த மடிச்சு வைப்பாங்க. எவர்சில்வர் சம்படம் பாதி விலைல கிடைக்கும்போது இதுக்கா இவ்வளவுன்னு ஒருத்தர் முணுமுணுப்பாங்க, கடைசில அவங்களும் ஒரு தண்ணி பாட்டில் எழுதிட்டு தான் போவாங்க. பார்ட்டி வச்ச வீட்டுக்கு ஒரு கிஃப்ட் உண்டு. 2024 செப்டம்பர்ல அமெரிக்கால அந்த கம்பெனி திவால் மனு போட்ட செய்தி வந்தப்போ எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது அந்த ஜமக்காளம் தான்.

அதை இப்போ வீட்டுல வைக்கணும்னா புதுசா எதையும் வாங்க வேண்டாம். எட்டு பத்து பேர கூப்பிடுங்க, அதுக்கு மேல போனா டெமோ பின்னாடி உக்காந்தவங்களுக்கு தெரியாது. கூப்பிடும்போதே சொல்லிடுங்க, ஜோடி இல்லாத மூடியும் மூடி இல்லாத டப்பாவும் கழுவி எடுத்துட்டு வரணும்னு. ஜமக்காளத்துல ஒரு பக்கம் மூடி, ஒரு பக்கம் டப்பா, அளவு வாரியா அடுக்குங்க, வட்டம் தனி, சதுரம் தனி. ஒவ்வொருத்தரா ஜோடி தேடட்டும், சேர்ந்ததும் புஸ்ஸுனு காத்து எடுத்து மூடி கவுத்து காட்டணும், சிந்தலன்னா அந்த ஜோடி அவங்களுக்கு. யாரோடது எதுன்னு அப்புறம் மனஸ்தாபம் வராம இருக்க கொண்டு வரும்போதே அடியில மாஸ்கிங் டேப்ல பேர் ஒட்டிடுங்க, குடுக்க மனசில்லாத டப்பாவ கொண்டே வர வேண்டாம்னும் சொல்லிடுங்க, சில டப்பா அம்மா ஞாபகம், அதை யாரும் கேக்கக் கூடாது.

சுண்டல், தயிர் சாதம், மோர் எல்லாம் அந்த டப்பாலயே வைங்க, சூடு ஆறின அப்புறம். அந்த காலத்துல டீலரா இருந்த அத்தையோ பக்கத்து வீட்டு அம்மாவோ இருந்தா டெமோவ அவங்க கைல குடுங்க, வேற யாரும் பண்ணக் கூடாது. இருபது வருஷம் கழிச்சும் அந்த கை வேகம் போயிருக்காது, எதுக்கு எந்த சைஸ், சீட்டு மாதிரி மாசாமாசம் காசு போட்டு எடுத்தவங்க யாருன்னு அவங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க, யாராவது போன்ல ரெக்கார்ட் பண்ணி வைங்க. வந்தவங்கள்ல பருப்புப்பொடி, வடாம், பிளவுஸ் தையல்னு வீட்டுல இருந்து ஏதாவது விக்கிறவங்க இருந்தா அவங்களுக்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்க, ஆர்டர் எழுத ஒரு நோட்டும் பேனாவும் வைங்க. கூச்சப்படுவாங்க, நீங்களே முதல் ஆர்டர் குடுத்து ஆரம்பிச்சு வைங்க.

எல்லாம் முடிஞ்சு ஜோடி சேராம மிஞ்சுற மூடிங்கள தொட்டிச்செடிக்கு அடியில தட்டா வச்சுக்கலாம், அடியில 2, 4, 5ன்னு நம்பர் இருக்கிற மிச்சத்தை உலர் குப்பையில தனியா கட்டி குடுத்துடுங்க. ஓரம் நல்லா இருக்கிற வட்ட மூடிய மட்டும் இன்னும் ஒரு வருஷம் தூக்கிப் போடாதீங்க, அடுத்த தடவ யார் வீட்டுல இருந்தாவது அதோட கிண்ணம் வந்து சேரும்.